ஐம்பது பைகளிலிருந்து ஒரு பை

கடையில் பொருள் போட்டுக் கொடுக்கும் மெல்லிய நெகிழிப் பையை எடுத்து லேசாகக் கசக்கினால், அது எந்த வகைப் பாலித்தீன் என்பதை ஓசையே சொல்லிவிடும். மொறமொறவென்று சத்தம் எழுந்தால் அடர்த்தி மிகுந்த பாலித்தீன். சத்தமின்றி வழுவழுப்பாக மடங்கி, இழுத்தால் சற்றே நீண்டு கொடுத்தால் அடர்த்தி குறைந்த பாலித்தீன். பையில் முக்கோணக் குறி அச்சிட்டிருந்தால் முதல் வகைக்கு 2, இரண்டாம் வகைக்கு 4 என்ற எண் அதனுள் இருக்கும். பல பைகளில் அந்தக் குறியே இருப்பதில்லை என்பதால் காதையும் விரலையும் நம்ப வேண்டியிருக்கிறது. பழைய பைகளை நறுக்கி, நூலாக்கி, பின்னி, நெடுநாள் உழைக்கும் தோள்பை ஒன்றைச் செய்ய நினைப்பவர் முதலில் பழக வேண்டியது இந்தத் தரம்பிரிப்புத்தான். இரண்டு வகையையும் ஒரே நூலில் கலந்தால் ஒரு பகுதி இழுவிசைக்கு நீண்டுகொடுக்க, அடுத்த பகுதி விறைத்து நிற்க, பின்னல் கோணலாகிவிடும்.

கண்ணில் படும் எல்லாப் பைகளும் இந்த வேலைக்கு ஆகா. துணிபோலத் தோன்றும், நெய்யாத இழைகளை அழுத்திச் செய்த பைகள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்னும் வேறு வகை நெகிழி. அவற்றைத் துணியைப் போலவே வெட்டித் தைக்கலாமே தவிர, மற்றவற்றோடு சேர்த்து நூலாக்குவதில் பயனில்லை. ‘மட்கும்’ என்று அச்சிட்ட பைகளை நான் தொடுவதே இல்லை. சிதைவதற்கென்றே உருவாக்கிய பொருளைக் கொண்டு பல ஆண்டுகள் உழைக்க வேண்டிய ஒன்றைப் பின்னுவது உழைப்பை வீணாக்குவதாகும். இவற்றினும் மோசமானவை, சாதாரணப் பாலித்தீனில் ஆக்சிஜனேற்றத்தை விரைவுபடுத்தும் சேர்மங்களைக் கலந்து, தாமாகச் சிதையும் என்று சொல்லி விற்கப்பட்ட பைகள். அவை மட்குவதில்லை, நொறுங்கித் துகளாகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் இயற்றிய ஒற்றைப்பயன் நெகிழி ஆணையின்கீழ் 2021 ஜூலை முதல் அவ்வகைப் பொருட்களைச் சந்தைக்குக் கொண்டுவருவதைத் தடைசெய்துவிட்டது. வெயிலில் நெடுநாள் கிடந்த பைகளையும் ஒதுக்கிவிட வேண்டும். புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு நைந்த பாலித்தீன் பார்வைக்கு முழுதாகவே இருக்கும். நாடாவாக நறுக்கி இழுக்கும்போதுதான் பொடிப்பொடியாக உதிரும்.

இவ்வளவும் கழித்த பிறகு எஞ்சும் பொருள் வியக்கத்தக்க வலிமையுடையது. பாலித்தீனை 1933-இல் இங்கிலாந்தில் ஐசிஐ என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ரெஜினால்ட் கிப்சனும் எரிக் ஃபாசெட்டும் உயர் அழுத்தச் சோதனை ஒன்றின்போது தற்செயலாகக் கண்டனர். வேதிவினையைத் தூண்டும் வினையூக்கிகளைக் கொண்டு குறைந்த அழுத்தத்தில் அடர்த்தி மிகுந்த வகையை உருவாக்கும் வழியை ஜெர்மானிய வேதியியலாளர் கார்ல் சீக்லர் 1953-இல் கண்டறிந்தார். 1963-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசை அவரும் இத்தாலிய வேதியியலாளர் ஜூலியோ நட்டாவும் பகிர்ந்துகொண்டதற்கு அந்த வினையூக்கிகளே காரணம். ஸ்வீடனின் செல்லோபிளாஸ்ட் நிறுவனத்தில் பணிபுரிந்த ஸ்டென் குஸ்தாஃப் துலின் வடிவமைத்த, இன்று நாம் கையில் தூக்கிக்கொண்டு அலையும் ஒரே துண்டாலான கைப்பிடிப் பைக்கு 1965-இல் காப்புரிமை கிடைத்தது. ஆறேழு கிராம் மட்டுமே எடையுள்ள அந்தப் பை ஆறேழு கிலோவைத் தாங்குகிறது. அதாவது தன்னைப்போல் ஆயிரம் மடங்கு. இத்தகைய பொருளைக் கடையிலிருந்து வீட்டுக்கு வரும் சில நிமிடங்களுக்கு மட்டும் பயன்படுத்திவிட்டு எறிவதுதான் விந்தை. பின்னல் வேலையில் நாம் இந்தப் பொருளுக்குப் புதிதாக எந்த வலிமையையும் சேர்ப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் வலிமை வீணாகாதபடி பார்த்துக்கொள்வதே கைவேலையின் முழுப் பொருளும் என்பது என் எண்ணம். கீழே சொல்லும் நுணுக்கங்கள் யாவும் அதை ஒட்டியவைதாம்.

பை எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் அதை எப்படி வெட்டுவது என்பதும் தானே தெரிந்துவிடும். உருகிய பாலித்தீனை வட்ட வடிவ இடுக்கின் வழியே வெளியே தள்ளி, உள்ளே காற்றை ஊதி, நெடிய குழாயாக உப்பவைத்துக் குளிரவிடுகிறார்கள். அந்தக் குழாயைத் தட்டையாக்கி, பக்கங்களை உள்மடிப்பாக மடித்து, மேலும் கீழும் வெப்பத்தால் ஒட்டி, மேற்பகுதியில் கைப்பிடி வடிவத்தை வெட்டியெடுத்தால் பை தயார். ஆகவே பையின் பக்கவாட்டில் ஒட்டே கிடையாது. அடியிலுள்ள ஒட்டையும் மேலுள்ள கைப்பிடிகளையும் வெட்டி நீக்கிவிட்டால் மிஞ்சுவது ஒட்டில்லாத ஒரு குழாய். அதைக் குறுக்காக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் முடிவில்லாத ஒரு வளையமாக விரியும்.

செய்முறை எளிது. கழுவி உலர்த்திய பையின் உள்மடிப்புகளைப் பழையபடி படியவைத்து, சுருக்கம் போகக் கையால் நீவி, நீளவாக்கில் இரண்டு முறை மடித்து, மூன்று சென்டிமீட்டர் அகலத்தில் நறுக்கிக்கொண்டே போக வேண்டும். கனமான பையென்றால் இரண்டு சென்டிமீட்டர் போதும். மிக மெல்லியதென்றால் நான்கு, ஐந்து வரை போகலாம். கண்ணால் பார்க்கும் அகலத்தைவிட, நாடாவை விரல்களுக்கிடையே திரட்டும்போது கிடைக்கும் தடிமனே கணக்கு. எல்லா நாடாக்களும் திரட்டிய நிலையில் ஒரே தடிமனாக இருந்தால்தான் பின்னல் சீராக அமையும். கைப்பிடிகளுக்குக் கீழே முப்பது சென்டிமீட்டர் உயரம் எஞ்சும் ஒரு பையிலிருந்து பத்து வளையங்கள் கிடைக்கும். அதன் சுற்றளவு தொண்ணூறு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு வளையமும் இரட்டை இழையாக நாற்பத்தைந்து சென்டிமீட்டர் நீளும். பிணைப்புகளுக்குப் போவதைக் கழித்தால் ஒரு பைக்கு நான்கு மீட்டர் நூல் தேறும். ஓர் ஆள் தோளில் மாட்டிக்கொள்ளும் நடுத்தர அளவுப் பைக்கு முப்பது முதல் அறுபது பைகள் வரை பிடிக்கின்றன. தலைப்பில் ஐம்பது என்றது ஒரு நடுவாந்திரக் கணக்கு.

வளையங்களை இணைக்க முடிச்சுப் போடத் தேவையில்லை. ஒரு வளையத்தின் முனையை மற்றொன்றின் வாய் வழியே எடுத்து, அதன் மறுமுனையை அந்த முனைக்குள்ளேயே நுழைத்து இழுத்தால், இரண்டு ரப்பர் வளையங்களை ஒன்றோடொன்று கோத்ததுபோல் பிணைந்துகொள்ளும். இழுக்கும்போது நிதானம் வேண்டும். திடுமென இழுத்தால் பிணைப்புக்குப் பக்கத்தில் நாடா மெலிந்து, வெளுத்து, அறுந்துவிடும். மெதுவாக இழுத்தால் பிணைப்பு சிறு மணியளவில் ஒடுங்கி, பின்னலுக்குள் மறைந்துவிடும். பிணைப்பே வேண்டாம் என்பவர்கள் பையை ஒரு விளிம்பில் மட்டும் வெட்டாமல் விட்டு, பிறகு விரித்து, ஒரு வெட்டின் முனையிலிருந்து எதிர்ப்பக்கத்து அடுத்த வெட்டுக்குச் சாய்வாக வெட்டி, முழுப் பையையும் ஒரே நீள நாடாவாகச் சுருளவிடுவார்கள். அது ஒற்றை இழை என்பதால் அதே தடிமன் வேண்டுமானால் இருமடங்கு அகலமாக வெட்ட வேண்டும். நூல் வழுவழுப்பாக வருவது உண்மைதான். ஆனால் இரட்டை இழையில் ஒன்று கிழிந்தாலும் மற்றது தாங்கும் என்பதால், பளு சுமக்கும் பைக்கு நான் வளைய முறையையே தேர்கிறேன். வெட்டி நீக்கிய கைப்பிடிகளை எறிந்துவிட வேண்டாம். அவற்றின் பயன் பின்னால் வருகிறது.

நூல் ஆனதும், கொக்கி ஊசியால் பின்னும் குரோஷே வேலை தொடங்குகிறது. ஆறு முதல் எட்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள கொக்கி ஊசி ஏற்றது. அலுமினியமோ நன்றாக இழைத்த மரமோ நல்லது. நெகிழி ஊசியில் நெகிழி நூல் கீச்சிட்டுக்கொண்டு நகர மறுக்கும். அடிப்பாகத்துக்குச் சங்கிலிப் பின்னல் ஒன்றைப் போட்டு, அதன் இருபுறமும் சுற்றி ஒற்றைக் குரோஷேயாகப் பின்னிக்கொண்டே போய், முனைகளில் மட்டும் கண்ணிகளைக் கூட்டினால் நீள்வட்டம் அமையும். வேண்டிய அகலம் வந்ததும் கண்ணி கூட்டுவதை நிறுத்தினால் சுவர் தானாகவே மேலெழும். கம்பளி நூலில் பழகிய கை இங்கே தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். கம்பளி இழுத்துவிட்டால் மீளும். இந்த நூலில் இழுத்தது இழுத்தபடியே நிற்கும். இறுக்கிப் பின்னினால் விரலும் மணிக்கட்டும் சீக்கிரமே வலிக்கத் தொடங்கும் என்பதால், ஒரே மூச்சில் முடித்துவிடும் ஆசையை விட்டுவிடுவது நல்லது. தளர்த்திப் பின்னினாலோ பளு ஏறியதும் கண்ணிகள் வாய்பிளந்து, பை வலைபோலத் தொங்கும். இந்த இரண்டுக்கும் நடுவே உங்கள் கைக்குரிய இறுக்கம் ஒன்று உண்டு. அதை எழுத்தில் சொல்லிக்கொடுக்க முடியாது.

நெய்யும் வழியும் இருக்கிறது. கெட்டியான அட்டைப் பெட்டி ஒன்றின் விளிம்புகளில் சிறு பிளவுகள் வெட்டி, அவற்றில் நாடாக்களைப் பாவாக ஓட்டி, ஊடை நாடாவை மேலும் கீழுமாக நுழைத்துப் பெட்டியைச் சுற்றியே நெய்தால், ஒட்டில்லாத பை கிடைக்கும். குரோஷே கண்ணியில் நூல் வளைந்து வளைந்து ஓடுவதால் பளு ஏறும்போது அந்த வளைவுகள் நிமிர்ந்து பை நீள்கிறது. நெசவில் பாவு நேராக ஓடுவதால் நீட்சி குறைவு. பளுவைத் தாங்குவதில் நெசவுப் பைக்கே என் வாக்கு. ஆனாலும் பெரும்பாலோர் குரோஷேயைத்தான் விரும்புகிறார்கள், ஏனெனில் அதை மடியில் வைத்துக்கொண்டு பேசியபடியே பின்னலாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கும் போக முடியாது.

இனி கைப்பிடி. அழகாகப் பின்னிய எத்தனையோ பைகள் பயன்படாமல் மூலையில் கிடப்பதற்குக் கைப்பிடியே காரணம். பாலித்தீனின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அறை வெப்பநிலையிலேயே மெல்ல நகர்ந்து கொடுக்கக்கூடியவை. ஒரு கணம் ஏற்றி இறக்கும் பளுவை அவை எளிதில் தாங்கும். ஆனால் அதே பளு நெடுநேரம் தொங்கினால் சிறிது சிறிதாக நீண்டு, பளுவை எடுத்த பிறகும் முழுதாக மீளாமல் நின்றுவிடும். இதற்குமேல் குரோஷே கண்ணியின் நெகிழ்வும் சேர்ந்துகொள்கிறது. பொருள்களோடு ஆணியில் மாட்டிவைத்த பையின் கைப்பிடி நாளடைவில் முழங்காலைத் தொடும் அளவுக்கு நீள்வது இப்படித்தான். கைப்பிடியைப் பையின் மேல்விளிம்பில் மட்டும் இணைத்திருந்தால், முழுப் பளுவும் அந்த இரண்டு மூன்று கண்ணிகளில் இறங்கி, விளிம்பு கோணிக்கொண்டு கிழியத் தொடங்கும்.

இதற்கு நான் பின்பற்றும் வழி, கைப்பிடியைப் பையின் உறுப்பாகக் கருதாமல் பையைச் சுமக்கும் தனி வாராகக் கருதுவது. ஆறு அல்லது எட்டு இரட்டை இழைகளை இறுகப் பின்னி நீண்ட வார் ஒன்றைச் செய்து, அதை ஒரு பக்கச் சுவரின் கண்ணிகள் வழியே மேலிருந்து கீழாக ஓட்டி, அடிப்பாகத்தின் கீழே கொண்டுபோய், மறுபக்கச் சுவரில் மேலேற்றி, தோளுக்கான வளைவை விட்டு, மீண்டும் அதே வழியில் திருப்பிக்கொண்டுவந்து, அடியில் முனைகளை இணைத்துவிடுகிறேன். பளு அப்போது வாரின் மேல் அமர்கிறது. பின்னல் பொருள்கள் சிதறாமல் சூழ்ந்து நிற்கும் வேலையை மட்டும் செய்கிறது. தோளில் படும் இடத்தில், முன்பு வெட்டி நீக்கிய பழைய கைப்பிடித் துண்டுகளைக் கற்றையாகத் திரட்டி உள்ளே வைத்து, அதைச் சுற்றிக் குரோஷே போர்த்தினால், வார் தோளை அறுக்காது. பின்னுவதற்கு முன் ஒவ்வோர் இழையையும் கையால் மெதுவாக ஒருமுறை இழுத்து நீட்டிவிடுவதும் பலனளிக்கும். நிதானமாக நீட்டிய பாலித்தீனில் மூலக்கூறுச் சங்கிலிகள் இழுத்த திசையில் வரிசைப்பட்டு, அந்தத் திசையில் முன்பைவிட உறுதியாகின்றன. அப்படியும் வார் கொஞ்சம் நீளும் என்பதால், வேண்டிய அளவைவிட ஒரு சாண் குறைத்தே தொடங்குவேன்.

பின்னத் தெரியாதவர்களுக்கும் பொறுமை இல்லாதவர்களுக்கும் இஸ்திரிப் பெட்டி வழி ஒன்று உண்டு. பாலித்தீனின் பரப்பில் பசை எதுவும் எளிதில் பிடிக்காது. வீட்டுப் பசைகளால் ஒட்டியது காய்ந்ததும் உரிந்து வந்துவிடும். இந்தப் பொருள் தன்னோடு தானே ஒட்டுவதற்கு ஏற்ற வழி வெப்பம்தான். கைப்பிடியும் அடியும் நீக்கி விரித்த மெல்லிய தாள்களில் ஆறு முதல் எட்டுவரை அடுக்கி, ரொட்டி, கேக் சுடும்போது விரிக்கும் பேக்கிங் (baking) தாள் இரண்டுக்கு நடுவே வைத்து, பெட்டியை நகர்த்திக்கொண்டே தேய்த்தால் அவை ஒரே தோலாக இணையும். அடர்த்தி குறைந்த வகை 110 டிகிரி செல்சியஸ் அளவிலும், மிகுந்த வகை 130 டிகிரி அளவிலும் உருகும். இஸ்திரிப் பெட்டியின் ஒற்றைப் புள்ளி ஏறக்குறைய 110 டிகிரியையும் இரட்டைப் புள்ளி 150 டிகிரியையும் குறிப்பதால், அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையிலிருந்து தொடங்குவது பொருத்தம். ஊதி இழுத்துக் குளிரவைத்த தாள் சூடேறியதும் பழைய அளவுக்குத் திரும்ப முயலும் என்பதால் அது சுருங்கும், அதுவும் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்காது. ஆகவே தேய்த்து முடித்த பிறகே அளவெடுத்து வெட்ட வேண்டும். அச்சிட்ட பக்கம் உள்ளே இருக்கட்டும், இல்லையேல் மை இளகி எல்லாவற்றிலும் அப்பிக்கொள்ளும். புகை எழுந்தால் சூடு மிகுந்துவிட்டது என்று பொருள். சன்னல்களைத் திறந்துவைத்தே இந்த வேலையைச் செய்ய வேண்டும். வினைல் எனப்படும் பிவிசி தாள்களைப் பெட்டியின் அருகில்கூடக் கொண்டுபோகக் கூடாது. சூட்டில் அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளியிடும்.

இப்படிக் கிடைக்கும் தோலைத் தைக்கும்போது நினைவில் வைக்க வேண்டியது, ஊசி இட்ட துளை நிரந்தரம் என்பது. துணியில் ஊசி இழைகளை விலக்கிக்கொண்டு போகும். இங்கே அது ஓட்டை போடுகிறது. தையல் நெருக்கமாக இருந்தால் வரிசையான துளைகளே கிழிகோடாகிவிடும். எனவே தையலின் நீளத்தை மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு வைத்து, குண்டூசிக்குப் பதில் கிளிப்புகளால் பிடித்து, பாலியெஸ்டர் நூலால் தைக்க வேண்டும். தையல் இயந்திரத்தின் அழுத்துபாதம் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தால், மேலே ஒரு மெல்லிய காகிதத்தை வைத்துத் தைத்துப் பிறகு கிழித்தெடுக்கலாம்.

இவ்வளவு உழைப்புக்குச் சூழல் நோக்கில் என்ன மதிப்பு? ஐம்பது பைகள் என்பது ஏறத்தாழ முந்நூறு கிராம் பாலித்தீன். உலகம் ஆண்டுதோறும் பயன்படுத்தும் நெகிழிப் பைகள் ஒரு லட்சம் கோடியிலிருந்து ஐந்து லட்சம் கோடி வரை இருக்கும் என்று ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2018-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. அந்தக் கணக்கின் முன் நம் ஐம்பது ஒன்றுமே இல்லை. குப்பையைக் குறைத்துவிட்டோம் என்ற மார்தட்டலுக்கு இங்கே இடமில்லை. செய்து முடித்த பையைப் பயன்படுத்தும்போது வாங்காமல் விடும் பைகளில்தான் மதிப்பு தொடங்குகிறது. ஒவ்வொரு முறை கடைக்குப் போகும்போதும் இரண்டு புதிய பைகளை அது மிச்சப்படுத்துமானால், இருபத்தைந்தாவது முறையில் தன்னுள் இருக்கும் ஐம்பதை ஈடுகட்டிவிடும். அதன் பிறகு வருவதெல்லாம் உண்மையான ஆதாயம். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே முறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பையைவிடப் புவி வெப்பமடைதலில் குறைந்த பங்கு வகிக்க, ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும் என்று கணக்கிட்டது. டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018-இல், காலநிலைத் தாக்கத்தோடு நில்லாமல் தான் ஆராய்ந்த எல்லாத் தாக்கங்களையும் சேர்த்து, சாதாரணப் பருத்திப் பைக்கு 7,100 முறை என்ற எண்ணைத் தந்தது. பழைய பைகளைக் கொண்டு கையால் பின்னிய பையை இந்த இரண்டு ஆய்வுகளும் எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பருத்தி விளைவிக்கவோ புதிய பாலித்தீன் உருக்கவோ வேண்டியதில்லை என்பதால் அது தொடங்கும் இடமே சாதகமானது. ஆனாலும் எந்தப் பையாயினும் எத்தனை முறை கையிலெடுக்கிறோம் என்பதை வைத்தே கணக்கு தீர்கிறது என்ற அடிப்படை இதற்கும் பொருந்தும். கைப்பிடியைப் பற்றி நான் இவ்வளவு வளர்த்தியதற்குக் காரணம் அதுவே.

இரண்டு பொறிகளைக் குறித்து எச்சரிக்க வேண்டும். குப்பைத் தொட்டிக்கு உறையாகப் போய்க்கொண்டிருந்த பைகளையெல்லாம் பின்னித் தீர்த்துவிட்டு, தொட்டிக்கென்று புதிய உறைச் சுருளை வாங்கினால் ஆதாயம் ஏதுமில்லை. மற்றொன்று நிறம். பாதிப் பின்னலில் சிவப்பு தீர்ந்துவிட்டது என்பதற்காகச் சிவப்புப் பை தரும் கடையைத் தேடிப் போகும் மனம் இந்தக் கலையில் ஈடுபட்ட பலருக்கும் வாய்த்திருக்கிறது. அந்த இடத்தில் கைவேலை தன் நோக்கத்தை விழுங்கிவிடுகிறது. இருக்கும் நிறங்களைக் கொண்டு கோலத்தை மாற்றிக்கொள்வதே முறை. கையில் இருப்பவற்றில் பெரும்பகுதி வெள்ளை என்றால் பையும் வெள்ளையாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

உள்துணி தைக்கலாமா என்பது அடிக்கடி எழும் கேள்வி. பின்னலின் இடுக்குகளில் சாவியும் பேனாவும் நழுவாமலிருக்க உள்துணி வசதிதான். பழைய பைகளின் மையிலும் சாயத்திலும் என்னென்ன சேர்ந்திருக்கும் என்பது அவற்றின் மேல் எழுதியிருக்காது என்பதால், உறையில்லாத உணவைப் பின்னலில் நேரே படும்படி வைக்காமலிருப்பதற்கும் அது உதவும். ஆயினும் துணியை நிரந்தரமாகத் தைத்துவிட்டால், என்றாவது ஒருநாள் பை உழைத்து ஓய்ந்ததும், பாலித்தீனும் பருத்தியும் பிரிக்க முடியாதபடி கலந்து கிடக்கும். ஒரே வகைப் பாலித்தீனால் ஆன பையையோ, மெல்லிய நெகிழித் தாள்களைத் தனியே வாங்கி உருக்கும் இடங்களில் சேர்க்க ஓரளவு வாய்ப்பிருக்கிறது. பொதுவான தரம்பிரிப்பு ஆலைகள் இவற்றை விரும்புவதில்லை. சுழலும் தண்டுகளில் தாள்கள் சுற்றிக்கொண்டு இயந்திரத்தையே நிறுத்திவிடும். ஆகவே உள்துணியை நான்கு மூலைகளில் நாடாவால் கட்டிக் கழற்றும்படி வைப்பதே எனக்குப் பிடித்திருக்கிறது. துவைப்பதற்கும் அதுவே தோது: துணியைத் தனியே துவைக்கலாம், பின்னலைக் குளிர்ந்த சோப்பு நீரில் கையால் அலசி நிழலில் கவிழ்த்து வைத்தால் போதும்.

பழுது பார்ப்பதும் எளிதே. கண்ணி ஒன்று அறுந்தால் அந்த இடத்தில் புதிய வளையத்தைக் கோத்துப் பின்னிவிடலாம். தோளில் உரசும் வார்தான் முதலில் தேயும். அடியில் இணைத்த முனைகளை அவிழ்த்து, பழைய வாரின் நுனியில் புதியதைக் கட்டி இழுத்தால், பழையது வெளியேறும் வழியிலேயே புதியது நுழைந்து அமர்ந்துகொள்ளும். இதற்காகவே ஒவ்வொரு பையையும் முடித்த பிறகு, அதே தடிமனில் வெட்டிய நூலில் ஒரு சிறு உருண்டையை வெயில் படாத இடத்தில் எடுத்துவைத்துக்கொள்கிறேன்.